அறிவித்தும் போகவில்லையாம்

டிட்வா புயல் ஓய்ந்து மண் காய்வதற்குள் தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டேன். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்திலும் கேட்டேன். சிவப்பு எச்சரிக்கை விட்டோம், சனம் எழும்பிப் போகவில்லை. சரிவில் கட்டாதே என்று எத்தனை தரம் சொன்னோம், கட்டினார்கள். மலை சரிந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? படித்தவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: வங்குரோத்தான நாட்டிடம் வருமுன் காக்கக் காசு ஏது?

இந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. கூண்டில் நிறுத்தப்பட்டவர் செத்துப்போனவர். அவர் மேன்முறையீட்டுக்கு வரமாட்டார்.

2025 நவம்பர் கடைசியில் அந்தப் புயலில் இலங்கை முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காணாமற்போனவர்கள் வேறு. மாவட்டவாரியாக எண்ணினால் முதலிடம் கண்டிக்கு. இத்தனை பேரும் சொல் கேளாதவர்கள் என்று சொல்வதற்கு முன்னால், அவர்களிடம் சொல்லப்பட்டது என்ன என்று பார்க்க வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையை விடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அதன் அளவுகோல் எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள். 100 தாண்டினால் செம்மஞ்சள். 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேறு. அளவுகோலில் பிழையில்லை. அதை வகுத்தவர்களை நான் குறை சொல்லப் போவதும் இல்லை. இந்த வழக்கில் அவர்கள் என் பக்கத்துச் சாட்சிகள். கோளாறு, எச்சரிக்கை யார் பெயருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. அது பிரதேச செயலகப் பிரிவின் பெயருக்குப் போகிறது. கண்டி மாவட்டத்தில் அப்படி 20 பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 13.7 இலட்சம். வகுத்துப் பார்த்தால் பிரிவுக்கு எழுபதாயிரம் பேர் அளவில் வரும். பத்துப் பிரிவுகளுக்குச் சிவப்பு விழுந்தால் ஏழு இலட்சம் பேர், மின்சாரமும் தொலைபேசியும் செத்த இரவில், மண் விழுந்து மூடிய பாதைகளில் இறங்கி நடக்க வேண்டும். அத்தனை பேரும் கீழ்ப்படிந்திருந்தால் பலர் வீட்டுக்குள் புதைவதற்குப் பதில் வழியில் புதைந்திருப்பார்கள்.

மஞ்சளும் செம்மஞ்சளும் ஒவ்வொரு பருவமழைக்கும் வரும், ஒரு நாள் நீடிக்கப்படும், மறுபடி நீடிக்கப்படும், போய்விடும். இதற்கு நடுவில் சிவப்பு வந்ததைச் சனம் கண்டுகொள்ளவில்லை என்கிறவர்கள், அது எந்த மொழியில் வந்தது என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தமிழ் அறிவிப்பு பிந்தி வந்தது, சில நேரம் வரவே இல்லை என்ற முறைப்பாடு டிட்வா நாட்களில் மலையகம் முழுவதும் எழுந்தது. 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் உதவி கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தொலைபேசிக் கோபுரம் வேலை செய்தால்தானே அழைப்பதற்கு?

போகாமல் இருந்தவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். ஏன் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் அதற்கான பதிலைப் பார்த்திருக்கிறேன். காம்பராவின் தரையில் குறுக்கே ஒரு வெடிப்பு. அதைச் சீமெந்து பூசி அடைத்து, மேலே சாக்கு விரித்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அந்த இடம் குடியிருக்க உகந்ததல்ல, பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று இருந்தது. "போகச் சொல்லி எழுதியிருக்காங்க சார். எங்க போறதுன்னு எழுதலையே" என்றார். மழை பலத்தால் தோட்டப் பாடசாலைக்குப் போவார்களாம். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்கு மேல் தங்கினால் பேர் விழாது, நாட்கூலி போய்விடும். அப்போது ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபா. வீட்டில் கோழி இருக்கிறது, படுக்கையில் கிழவர் இருக்கிறார். மழை விட்டதும் அதே வெடிப்புக்கு மேல் வந்து படுத்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் பிடிவாதமா?

அந்தக் கடிதத்தை எழுதிய அலுவலர் கெட்டவரல்ல. அவர் கையில் இருந்தது ஒரு வரைபடமும் ஒரு முத்திரையும்தான். காணியோ காசோ அவரிடம் இல்லை. இந்த நாட்டின் அனர்த்தத் தணிப்பு முழுவதுமே இப்படித்தான் நடக்கிறது: அறிவு ஒரு மேசையில், பணம் வேறொரு மேசையில், காணி மூன்றாவது மேசையில்.

அறிவுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு மீரியபெத்தவைவிட வேறு சாட்சி தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தயில் அந்தத் தோட்டத்து லயங்கள் புதைந்தன. அது ஆபத்தான இடம் என்று 2005 இலேயே சொல்லியாகிவிட்டது. 2011 இல் மறுபடியும் சொன்னார்கள். அப்போதும் இதே வாசகம்தான் வந்தது: அறிவித்தோம், போகவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு கம்பனியும் ஒரு அமைச்சும் சேர்ந்து சில பத்து ஏக்கர் நிலம் ஒதுக்கியிருந்தால் அந்த வாசகத்துக்கு வேலையே இருந்திருக்காது. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். மலைநாட்டின் மண்சரிவு வரைபடப் பணி தொடங்கியதோ அதற்கும் முன்னால். 1986 ஜனவரிச் சரிவுகளுக்குப் பிறகு, 1990 ஐ ஒட்டிய வருடங்களில், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு. முப்பத்தைந்து வருடமாக மலையை அளந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்த குற்றச்சாட்டு, சட்டவிரோதக் குடியிருப்பு. இதைத் தோட்டத்து மக்கள்மேல் சுமத்துவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். லயம் கட்டிய இடத்தைத் தெரிவு செய்தவர்கள் அவர்கள் அல்ல. நல்ல நிலம் தேயிலைக்கு, தேயிலைக்கு ஆகாத மூலை கூலியாளுக்கு என்று துரைமார் போட்ட கணக்கு அது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாள்முதல் கண்டியைச் சுற்றி நிலவும் ஏற்பாடும் அதுவே. அங்கே பிறந்து அங்கேயே சாகிறவர் கையில் ஒரு பேர்ச் காணிக்கும் உறுதி கிடையாது. உறுதியே இல்லாதவர் அத்துமீறிக் கட்டினார் என்பது எந்த ஊர் நியாயம்?

சரிவை வெட்டி மாடி எழுப்பியவர்களைப் பார்க்க வேண்டுமானால் கண்டி நகரத்தின் நடுவில் நின்று அண்ணாந்தாலே போதும். பஹிரவகந்தையின் புத்தர் சிலைக்குக் கீழே அடுக்கடுக்காக நிற்கும் ஹோட்டல்களும் வீடுகளும் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்களுடையவை அல்ல. 2020 செப்டெம்பரில் பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தாயும் தகப்பனும் கைக்குழந்தையும் இறந்தார்கள். மலைப்பகுதியில் கட்டுவதற்கு முன் மண்சரிவு அபாய அறிக்கை பெற வேண்டும் என்ற விதி 2011 இலிருந்து இருக்கிறது. மண் பாதுகாப்புச் சட்டமோ 1951 ஆம் ஆண்டினது. கண்டி நகரை ஒட்டிய ஹந்தானை மலை 2010 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் சரிவுகளில் அதற்குப் பிறகும் கட்டிடம் முளைக்கிறது. மீறுகிறவர் வசதியானவர் என்றால் அதிகாரம் கண்ணை மூடிக்கொள்கிறது, போக இடமில்லாதவர் என்றால் கடிதம் எழுதுகிறது.

பஸ்ஸிலும் லொறியிலும் போகிறவர்கள் அன்றாடம் கடக்கும் இடத்தைக்கூடப் பார்க்கலாம். டிட்வாவுக்கு ஒரு வாரம் முன்னால், 2025 நவம்பர் 22 அன்று, பஹல கடுகண்ணாவையில் வீதியோரக் கடை ஒன்றின்மேல் மேடு சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். கொழும்பு – கண்டி பிரதான வீதி அது. வீதிக்காக வெட்டப்பட்ட மேடு, வீதி அதிகாரிகள் நாளும் பொழுதும் கடக்கும் வளைவு. அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தவர் எந்த எச்சரிக்கையை மீறினார்?

காசில்லை என்கிறார்களே, அதற்கு வருவோம். 2022 ஏப்ரலில் கடனடைக்க முடியாது என்று கைவிரித்த நாடு இது, மறுக்கவில்லை. ஆனால் டிட்வா முடிந்து மூன்று வாரத்தில், 2025 டிசம்பர் 19 அன்று, பாராளுமன்றம் 500 பில்லியன் ரூபாவுக்குக் குறைநிரப்பு மதிப்பீட்டை நிறைவேற்றியது. அதே நாளில் சர்வதேச நாணய நிதியம் 206 மில்லியன் டொலர் அவசர நிதிக்கு ஒப்புதல் தந்தது. சில நாட்களில் இந்தியா 450 மில்லியன் டொலர் உதவியை அறிவித்தது. அதில் 350 சலுகைக் கடன், 100 நன்கொடை. இவை தேவைப்பட்ட பணம்தான், நன்றியோடு வாங்க வேண்டியதும்தான். கேட்பது இதைத்தான்: பிணம் விழுந்த மூன்றாவது வாரத்தில் கிடைக்கும் தொகையில் ஒரு துண்டைக்கூட, பிணம் விழுமுன் இருபது வருடத்தில் தவணை தவணையாகவேனும் ஏன் ஒதுக்க முடியவில்லை?

உலக வங்கியின் கணக்கில் டிட்வாவின் நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர். மாவட்டங்களில் அதிகம் இழந்ததும் கண்டிதான், ஏறத்தாழ 689 மில்லியன். இதோடு ஒப்பிட இன்னொரு தொகை இருக்கிறது. சரிவுகளை உறுதிப்படுத்த ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019 இல் இலங்கைக்குக் கொடுத்த கடன் 80 மில்லியன் டொலர். கண்டிக்கு மட்டுமல்ல, பல மாகாணங்களில் சுமார் 147 இடங்களுக்கு. கண்டி ஒரு மாவட்டம் ஓரிரு நாளில் இழந்தது அதைப்போல் எட்டு மடங்குக்கு மேல்.

அதற்கு முன்னால் வந்த கடன்கள் போன வழியையும் கவனிக்க வேண்டும். ஜப்பானியக் கடன் திட்டத்தின் பெயரிலேயே தேசிய வீதி வலையமைப்பு என்று இருக்கிறது. உலக வங்கிப் பணத்தில் வீதியோரச் சரிவுகளும் பாடசாலைச் சரிவுகளும் கட்டப்பட்டன. வேலை நன்றாகவே நடந்தது. சரிவுக்குள் இரும்புக் கம்பி ஏற்றுகிறார்கள், வலை போர்த்துகிறார்கள், குழாய் இறக்கி உள்நீரை வடிக்கிறார்கள். ஆனால் கடன் கொடுப்பவர் பலன் கேட்பார். வீதி மூடினால் நாளொன்றுக்கு எவ்வளவு நட்டம் என்று எழுதலாம். பத்துக் காம்பரா லயம் புதைந்தால் என்ன நட்டம் என்று அந்தப் பத்திரத்தில் எழுத இடமில்லை. லயத்துக்குச் சந்தை விலை கிடையாது. விலையில்லாததைக் காப்பாற்றினால் கணக்கில் பலன் பூச்சியம்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் தணிப்பு மானியத்துக்கு இதே செலவு – பலன் கணக்கைப் போட்டு, விலையுயர்ந்த வீடுள்ள பேட்டைகளுக்கே பணம் சாய்கிறது என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. கூட்டாட்சி மானியத்தில் போடும் ஒரு டொலர் பின்னாளில் ஆறு டொலரை மிச்சப்படுத்துகிறது என்று அங்குள்ள தேசிய கட்டிட விஞ்ஞான நிறுவகம் கணித்திருந்தும், முன்கூட்டிய தணிப்புக்கான பெரிய மானியத் திட்டம் ஒன்றை 2025 ஏப்ரலில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஆகவே வெளிநாட்டைக் காட்டிப் பாடம் நடத்துவது என் நோக்கமல்ல. ஆனால் அவர்களுடைய 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் ஒரு முடிச்சு இருக்கிறது. உள்ளூராட்சி மன்றம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை தன் அபாயத் திட்டத்தைப் புதுப்பித்து ஒப்புதல் பெற்றால்தான் மானியத்துக்குக் கை நீட்டலாம். திட்டம் எழுதாதவனுக்குப் பணம் இல்லை. எழுதியவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு.

நம்மிடம் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. ஜனாதிபதி தலைமையில் தேசிய சபை, அதற்குக் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டத் திட்டம், பிரதேச மட்டத் திட்டம் எல்லாம் உண்டு. திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் பணம் எங்கிருந்து வரும் என்ற இடத்துக்கு வந்தால் கோப்பு மூடிவிடும். இந்தியாவும் அதே 2005 இல்தான் இதே பெயரில் சட்டம் போட்டது. அதில் தணிப்பு நிதி என்று ஒரு பிரிவு இருந்தது. பதினைந்து வருடம் தூங்கியது. 15 ஆவது நிதி ஆணைக்குழு 2021 முதல் ஐந்தாண்டுக்கான அனர்த்த ஒதுக்கீட்டில் 20 சதவீதம் தணிப்புக்கே போக வேண்டும் என்று பிரித்து வைத்தது. அப்படிப் பிரித்த பிறகும் 2024 ஜூலையில் வயநாட்டில் மலை இறங்கத்தான் செய்தது. நிதி ஒதுக்கிவிட்டால் மலை நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒதுக்காவிட்டால் என்னாகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

தணிப்பு என்றதும் கோடிக்கணக்கான டொலர் என்று மிரளுகிறவர்களுக்குத் தோட்டத்திலிருந்தே ஒரு பதில் சொல்லலாம். கான் வெட்டு. பழைய துரைமார் ஈரநெஞ்சுக்காரர்கள் அல்லர். ஆனால் மலையில் மழைநீரை ஓடவிடத் தெரிந்தவர்கள். சரிவைக் குறுக்கே வெட்டி, மெல்லிய சாய்வில் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குக் கொண்டுபோகும் கான்கள் ஒவ்வொரு மலையிலும் இருந்தன. மழைக்கு முன் மண்வெட்டியோடு ஆள் இறங்கிச் சேறு வாருவது கணக்குப் புத்தகத்தில் எழுதப்படும் வேலை. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போன பிறகு கொழுந்தில் சேராத வேலையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டது. கைவிட்ட மலைகளில் தேயிலை மரமாகி நிற்கிறது. கான் தூர்ந்து புல் மூடிக் கிடக்கிறது. கான் அடைபட்டால் தண்ணீர் மேலாக ஓடாது, மண்ணுக்குள் இறங்கும். இறங்கியது பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்கி மண்ணைப் பாரமாக்கி இளக்கும். சரிவுக்குள் குழாய் இறக்கி ஜப்பானியப் பொறியியல் வடிக்கப் பார்ப்பது இதே தண்ணீரைத்தான். 24 மணி நேரத்தில் 400, 500 மில்லிமீற்றர் கொட்டினால் கான் மட்டும் காப்பாற்றிவிடாது. ஆனால் நூறு, நூற்றைம்பதில் இறங்கும் சரிவுகள் ஏராளம். அவற்றுக்கு வேண்டியது வருடத்துக்கு இரண்டு தடவை ஐம்பது ஆளுக்குப் பேர் போடும் பணம்.

இந்தச் சின்னப் பணத்தைத் தர பிரதேச சபை இருக்கிறதே என்று கேட்கலாம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாதபடி வழியை அடைத்து வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல். முப்பது வருடம் வாக்கு மட்டும் போட்டவர்களுக்குக் கான் வெட்டவும் சட்டம் இடம் தரவில்லை. திருத்திய பிறகாவது பணம் வந்ததா என்றால், தெரு விளக்குக்கே திண்டாடும் சபைகள் அவை.

இடமாற்றத்துக்கான மானியத்தையும் பார்த்துவிடுவோம். அரநாயக்கவுக்குப் பிறகு அபாய இடத்தில் இருப்பவர்களுக்கு வீடு கட்ட 12 இலட்சம், காணி வாங்க 4 இலட்சம் ரூபா என்று வகுத்தார்கள். கண்டிப் புறநகரில் 4 இலட்சத்துக்கு எத்தனை பேர்ச் கிடைக்கும் என்று காணித் தரகரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். டிட்வாவுக்குப் பிறகு முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம், காணி இல்லாதவருக்கு இன்னொரு 50 இலட்சம் வரை என்று அறிவித்தது அரசாங்கம். தாராளம்தான். ஆனால் தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த அரசு இயந்திரம் சொல்லும் சேதி விகாரமாக இருக்கிறது: வீடு விழப்போகிறது என்றால் 16 இலட்சம், விழுந்த பிறகு வா, கோடி தருகிறேன்.

மலைநாட்டு மக்களை அசைக்கவே முடியாது, பழகிய மண்ணை விடமாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதைக் கண்டியில் இருந்துகொண்டு சொல்லக் கூடாது. விக்டோரியா அணைக்காகத் தெல்தெனிய நகரத்தையே தண்ணீருக்குள் விட்டவர்கள் நாம். கடைவீதி, கோவில், பள்ளிவாசல், வயல் எல்லாவற்றோடும் பல்லாயிரம் பேர் பெயர்க்கப்பட்டார்கள். 1985 இல் அணை திறக்கப்படும்போது திகனவில் புது நகரம் எழும்பியிருந்தது. பிரித்தானிய நன்கொடை வந்தது, காணி எடுக்கப்பட்டது, திகதி குறிக்கப்பட்டது. அந்த இடமாற்றத்தில் குறைகள் நிறைய. அழுதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் மின்சாரம் வேண்டும் என்று அரசு தீர்மானித்தபோது ஒரு நகரம் நகர்ந்தது.

டிட்வாவுக்குப் பிறகு மலையக மக்களுக்கு, வடக்கு, கிழக்குக்கு வாருங்கள் என்ற அழைப்பும் எழுந்தது. அழைத்தவர்களின் மனம் நல்லது. ஆனால் கண்டி மாவட்டத்துக் கலஹாவில் வேலை செய்கிறவர் கிளிநொச்சியில் குடியிருக்க முடியாது. நிலம் இங்கேயே இருக்கிறது. தோட்டங்கள் கம்பனிகளுக்கு விற்கப்படவில்லை. 53 வருடக் குத்தகைக்கே விடப்பட்டன. நிலத்தின் சொந்தக்காரன் அரசு. எந்த மலை ஆபத்து, எந்த மேடு உறுதி என்று காட்டும் வரைபடமும் அரசிடம். உறுதியான மேட்டில் தேயிலையைப் பிடுங்கிக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சாவது உறுதியோடு எழுதிக் கொடுப்பதற்கு எந்த வெளிநாட்டு வங்கியின் அனுமதியும் வேண்டாம்.

அதைச் செய்துவிட்டு, வரவு செலவுத் திட்டத்தில் தணிப்புக்கென்று வருடாந்தம் ஒரு வரியை எழுதிவிட்டு, பிரதேச சபைக்குக் கான் வெட்டும் காசைக் கொடுத்துவிட்டு, எச்சரிக்கையைத் தமிழிலும் நேரத்துக்கு அனுப்பட்டும். கடிதத்தில் வீட்டு இலக்கத்தோடு போக வேண்டிய இடத்தின் இலக்கமும் இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு குடும்பம் எழும்பிப் போக மறுத்தால், பிடிவாதத்தைப் பற்றி அப்போது பேசலாம்.